படிக்கச் சொல்கிறாள் என்று நான் சொன்னேன்

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன். ஐப்பசியில் தேதி குறித்தாகிவிட்டது, சின்னசேலத்திலேயே மண்டபம் கிடைத்துவிட்டது, பெண் வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய். அதுவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் நீ சொன்னாய்: "அம்மாவ கடைசி வரைக்கும் நீ ஒருத்தன்தாம்பா பாத்துக்கின. நான் ஒண்ணுமே செய்யல. மேடையில அம்மா இடத்துல சித்தி, பெரிம்மா யாரும் வேணாம். நீ மட்டும் நில்லு, போதும்." அந்தப் பேச்சைக் கேட்டபின் என்னால் போனைக் காதில் வைத்திருக்க முடியவில்லை. எனக்கு நீ நன்றி சொல்லக் கூடாது. ஏன் கூடாது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். படித்து முடித்தபின் மேடையில் நான் நிற்கலாமா கூடாதா என்று நீயே முடிவு செய்.

உன் அம்மாவிடம் இருந்த அந்தத் தடிப் புத்தகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அதில் ஒரு வீரனுடைய அப்பன் மேல் ராஜத்துரோகம் என்று பழி போட்டுக் கழுவில் ஏற்றிவிடுகிறார்கள். மகன் அப்பனுடைய வாளை எடுத்துக்கொண்டு, பழி போட்ட தளபதியைத் தேடிக் குதிரையில் கிளம்புகிறான். தொள்ளாயிரம் பக்கத்துக்குக் கோட்டை, சுரங்கம், கப்பல், வாள்சண்டை. எலவனாசூர்கோட்டையில் அவளுடைய அக்கா வீட்டில் இருந்தபோது, பதினேழு வயதில் முதல் தடவை படித்தாளாம். கல்யாணமாகி நைனார்பாளையம் வந்தபோது டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் அதைக் கொண்டுவந்தாள். நான் அப்போது கண்டக்டர் வேலையில் புதுசு. வெள்ளிமலை லைன். காலையில் கள்ளக்குறிச்சியில் வண்டி எடுத்தால் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, வீடு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். ஒருநாள் அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்தது. அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். "குடும்பப் பொம்பளைக்குக் கத்திச் சண்டை இன்னாத்துக்கு?" என்று கேட்டு, அதைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். அவள் சண்டை போடவில்லை. நான் டியூட்டிக்குப் போனபிறகு ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கிறாள். வருவதற்கு முன் திரும்ப வைத்திருக்கிறாள். இது எனக்குத் தெரிந்தே பல வருஷம் நடந்தது.

நீ பிறந்து கொஞ்சம் வளர்ந்தபின் அதை உனக்குப் படித்துக் காட்டினாள். சாயங்காலம் நான் தெருவில் வரும்போதே உங்கள் இரண்டு பேர் குரலும் கேட்கும். அவள் தளபதி மாதிரி குரலைக் கட்டையாக்கிக்கொண்டு பேசுவாள், நீ சோளத்தட்டையை வீசிக்கொண்டு குதிப்பாய். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் நிறுத்திவிடுவீர்கள். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவருவாள். நீ பாடப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாய். பஸ்ஸில் நாளைக்கு முந்நூறு பேரோடு பேசுகிறவனுக்கு வீட்டில் பேச ஒரு சொல் இருக்காது. 'ஏன் நிறுத்திட்டீங்க, படிங்க, நானும் கேக்கறேன்' என்று சொல்லியிருக்கலாம். ஒருநாளும் சொன்னதில்லை. நாளைக்கு உன் வீட்டில் உன் மனைவியும் பிள்ளையும் எதற்காவது சிரித்துக்கொண்டிருந்தால் நீ வாசலிலேயே நின்றுவிடாதே. உள்ளே போய் உட்கார். சிரிப்பு நின்றாலும் பரவாயில்லை, உட்கார். நாலு நாள் போனால் நீ இருக்கும்போதே சிரிப்பார்கள். நான் அந்த நாலு நாள் பொறுக்கவில்லை.

போன புரட்டாசியில் அவள் துணி உலர்த்திக்கொண்டே விழுந்தது, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாய் கோணிப் பேச்சு போனது எல்லாம் உனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் சேர்த்தேன். நாலு கட்டில் உள்ள ஒரு ஹால். நடுவில் துணித் திரை. டாக்டர் சின்ன வயசுக்காரர். "காது கேக்குது, புரியுது. பேசிக்கினே இருங்க. பேசப் பேசத்தான் மூளை தேறும்" என்றார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மழை வரலை என்றேன். மக்காச்சோளம் பால் பிடித்திருக்கிறது என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அரை மணி நேரம் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் பரணைப் பார்த்தேன். புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் பக்கத்தைப் படித்ததும் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சந்தோஷமா கோபமா என்று அந்த முகத்தில் தெரிந்துகொள்ள முடியாது. நான் நிறுத்தாமல் படித்தேன். ஸ்டாப்பிங் பேர் கூவுகிற குரல்தான் எனக்கு உண்டு. அந்தக் குரலிலேயே படித்தேன். நாலாம் அத்தியாயத்தில் அந்த வீரனும் தளபதி மகளும் நந்தவனத்தில் சந்திக்கிற இடம் வந்தது. ஹாலில் ஆட்களை வைத்துக்கொண்டு அதையெல்லாம் எப்படிப் படிப்பது என்று இரண்டு பக்கம் தள்ளிவிட்டேன். டங் என்று சத்தம். உன் அம்மா இடது கையால் கட்டில் கம்பியை அடிக்கிறாள். பேச்சு போனாலும் கதை முழுக்க அவளுக்கு மனப்பாடம். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "கண்டக்டரே, இன்னாத்தையோ முழுங்கிட்டீங்க. அக்கா அடிக்கிறாங்க பாருங்க" என்றது. ஹாலே சிரித்தது. நான் திரும்பிப்போய் நந்தவனத்தைப் படித்தேன்.

அந்தக் குரல் குப்பாயியுடையது. கல்வராயன் மலைக்காரி. அவள் புருஷன் சடையன் புளியமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என் வண்டியில் ஏறி இறங்கியவர்கள்தான், எனக்குத்தான் முகம் நினைவில்லை. மறுநாள் முதல் அவர்கள் திரையை ஒதுக்கிவிட்டார்கள். சடையனுக்குக் கதைமேல் சந்தேகம் ஜாஸ்தி. "மதில் மேல இருந்து குதிச்சான், எழுந்து ஓடினான்னு படிக்கிறீங்க. நான் ஒரு ஆள் ஒசரம்தான் வுழுந்தேன். என் காலப் பாருங்க" என்பார். குப்பாயிக்குக் குதிரைமேல்தான் கவலை. "மூணு நாளா ஓடிக்கினே கீது. அதுக்குத் தண்ணி காட்டினாங்களா இல்லியா?" என்பாள். உன் அம்மாவுக்குக் குப்பாயியை ரொம்பப் பிடித்துவிட்டது. குப்பாயி ஏதாவது கேட்டால் இடது பக்க உதடு மட்டும் மேலே போகும். சிரிப்புதான். நான் படித்ததற்கு நடுவில் அவள் சிரித்தாள், பிரபு. என் வாழ்க்கையில் அது நடந்ததில்லை.

நீ ஒன்பதாம் நாள் மெட்ராசிலிருந்து போன் செய்தாய். "நான் கிளம்பி வரட்டுமாப்பா? லீவு தரமாட்டான், வேலையே போனாலும் பரவால்ல. அம்மாவுக்கு அந்தக் கதைன்னா உயிரு. நான் வந்து படிச்சுக் காட்டறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "வேணாம்பா, நல்லாத் தேறிக்கினு இருக்கா. புது வேலைய கெடுத்துக்காத" என்றேன். உன் வேலைக்காகச் சொன்னேன் என்றுதான் நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேலைக்காகச் சொல்லவில்லை. நீ வந்தால் புத்தகம் உன் கைக்குப் போய்விடும். தளபதி குரலை நீ அவளைப் போலவே பேசுவாய். நான் மறுபடியும் செருப்பைக் கழற்றுகிற ஆளாக வாசலில் நிற்பேன். இதை அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் போனை வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நான் மறுக்க முடியாது. அதற்கு முன் இரண்டு தடவை நீ வீடியோவில் அவளைப் பார்த்தாய். அப்புறம் டாக்டர் போன் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் கழிந்தபின் அவளுக்கு ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. "ப்... ப்..." என்று உதட்டை ஒட்டி ஒட்டி எடுப்பாள். நர்ஸ் ஓடிவந்து, "பேச்சு வருது போலிருக்கே, இன்னா கேக்கறாங்க?" என்றது. "படிக்கச் சொல்றா" என்றேன். படி என்பதற்கும் அந்தச் சத்தம்தான். பிரபு என்பதற்கும் அதுதான். நான் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். அவள் கம்பியை அடித்தாள். நான் எதையும் தள்ளவில்லை, வரி வரியாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அடித்தாள். குப்பாயி சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் நின்று பார்த்தாள். "அது படிக்கச் சொல்லலீங்க கண்டக்டரே. புள்ளயக் கேக்குது" என்றாள். "உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினாலாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நெஞ்சில் சளி கட்டுகிறது, பையன் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். சரி சார் என்றேன். அன்றைக்கும் நீ கேட்டாய். அன்றைக்கும் தேறிக்கொண்டிருக்கிறாள் என்றேன். கேண்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, தளபதியின் மெய்க்காவலன் அந்த வீரனோடு மழையில் மதில்மேல் சண்டை போடுகிற அத்தியாயத்தைப் படித்தேன். சண்டை போட்டுப் போட்டு இரண்டு பேரும் சிநேகமாகிவிடுவார்கள், உனக்குத் தெரியும்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம். சடையன் தூங்கிவிட்டார். குப்பாயி தரையில் உட்கார்ந்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மின்விசிறி வேகம் கம்மி. நான் படித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா "பிரபு" என்றாள். குழறவில்லை. ப் ப் என்று இழுக்கவில்லை. உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவாளே, அதே மாதிரி. குப்பாயியின் விசிறி நின்றது. நான் தலையைத் தூக்கவில்லை. அடுத்த வரியைப் படித்தேன். அந்த வரியில் யாரோ குதிரையிலிருந்து இறங்கினார்கள். அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். அவள் கம்பியை அடிக்கவில்லை. மறுநாள் விடிந்து, பால் வாங்கிக்கொண்டு நான் மேலே வரும்போது நர்ஸ் என் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

நீ ஃப்ரீசர் பெட்டியைத்தான் வந்து பார்த்தாய். என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாய். உன் சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்ததை நான் கவனித்தேன். அதை மட்டும்தான் கவனித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கொள்ளி வைத்தபோதும் வரவில்லை, பதினாறாம் நாளும் வரவில்லை. அப்பா ரொம்ப தைரியமாக இருக்கிறார் என்று நீ சித்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. தைரியமெல்லாம் இல்லை. பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப் போய், நம் உதடா வேறு யார் உதடா என்று தெரியாதே, அப்படி. இன்னும் அந்த மரப்பு இறங்கவில்லை. சோளத்தை அறுத்தேன், காயவைத்தேன், கட்டிப் போட்டேன். ரேஷனுக்குப் போய் நின்றேன். எல்லாம் செய்கிறேன்.

சடையனுக்குக் கால் கூடி, தை மாசம் மலைக்குத் திரும்பிவிட்டாராம். வெள்ளிமலை லைனில் இப்போது இருக்கிற கண்டக்டரிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினார்: "கதை கடைசில இன்னா ஆச்சுன்னு கேட்டு வாங்க." எண்பது பக்கம் பாக்கி. உன் அம்மா போனபின் நான் அதைத் திறக்கவில்லை. ஆடி மாசம் மூன்றாவது தடவை ஆள் வந்தபோது, மாட்டேன் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும்; அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். வெள்ளிமலையில் இறங்கி அரை மணி நடை. சாமை விதைத்துக்கொண்டிருந்தார்கள். சடையன் ஒரு கழியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "குந்துங்க" என்றார். வேறு விசாரிப்பு இல்லை. குப்பாயி பலாச்சுளை கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். படித்தேன்.

அந்த மெய்க்காவலன், சிநேகிதன் தப்பிக்கப் படகேறும்வரை கோட்டைவாசலில் ஒற்றை ஆளாக நின்று சாகிறான். படிக்கும்போது சத்தம் கேட்டு நிமிர்ந்தால் சடையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்ல ஆம்பள. போய்ட்டானே" என்றார். இல்லாத ஒருவனுக்காக அந்த மனிதர் அழுதார். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. வீரன் கப்பலேறி, அப்பன் பேரில் இருந்த பழி நீங்கி, கதை முடிந்தது. "அவ்ளோதானா?" என்றாள் குப்பாயி. "அவ்ளோதான்" என்றேன்.

சடையன் மாட்டைப் பார்க்க எழுந்து போனார். குப்பாயி பலாக்கொட்டைகளை முறத்தில் அள்ளிக்கொண்டே கேட்டாள். "புள்ள கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அக்கா அன்னிக்கு நல்லாத்தான் சொல்லிச்சி. பிரபுன்னு."

"கேட்டுச்சி."

"கேட்டும் படிச்சீங்க."

நான் புத்தகத்தைப் பையில் வைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "உங்க ஒருத்தர் மேல பழி போடறதுக்கு இல்லீங்க. நர்ஸம்மா நோட்டுல உங்க புள்ள நம்பர் இருந்துச்சி. ஒரு தபா கேட்டேன், எழுதிக் குடுக்கறேன்னுதான் சொல்லிச்சி. வாணாம்னு வந்துட்டேன். அந்தப் புள்ள வந்தா அக்காவ மெட்ராசுக்கு இஸ்துக்கினு பூடும், கதை நின்னுடும்னு ஒரு நெனப்பு. அந்தக் குதிரைக்காரன் அப்ப ஜெயில்ல இருந்தான். வெளிய வர்றத கேட்டுட்டு வாங்கிக்கலாம்னு பாத்தேன்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாங்களும் கேட்டுக்கினுதான இருந்தோம். புள்ளைக்குச் சொல்லும்போது இதயும் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். அவளுக்காகத்தான் எழுதினேன், என் பாரத்தைக் குறைத்துக்கொள்ள இல்லை. அவளுக்கு அது கதை. உன் அம்மா என்ன கேட்கிறாள் என்று அறிந்தவன் நான். உன்னைக் கூப்பிடத் தெரிந்தவனும் நான்தான். அவள் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாளும் உன்னைத்தான் கேட்டாள். நீ வரவில்லை என்று அவள் நினைத்திருப்பாள். அது உன் மேல் விழ வேண்டியதில்லை. நீ இரண்டு தடவை கேட்டாய், நான் இரண்டு தடவையும் தடுத்தேன். இதை நீ உன்னைத் திருமணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணிடமும் சொல்லு. மாமனார் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். அவள் என்றைக்காவது ஒரு சொல்லைச் சொல்லி உனக்கு விளங்காமல் போனால், உனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்ளாதே. இன்னொரு தடவை கேள். அவளுக்கு வாய் இருக்கும்போதே கேள்.

கல்யாணத்துக்கு வராதே என்று நீ சொன்னால் வரமாட்டேன். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லும்படி சித்தியிடம் சொல்கிறேன். வேண்டாம், அதுவும் பொய், நிஜத்தையே சொல்லட்டும். வா என்று சொன்னால் வந்து, நீ எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன். பரவால்லப்பா விடு என்று மட்டும் சொல்லாதே. திட்டுவதாக இருந்தால் கூப்பிடு, குறுக்கே பேசாமல் கேட்கிறேன். ஒரு வருஷம் பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் அப்படியே இரு.

இதை எழுதி முடித்தால் அழுகை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மணி ஒன்றாகிறது, பசிக்கிறது. போய் உலை வைக்க வேண்டும்.

அப்பா